வேண்டாத ஆளுக்குப் புள்ளடி

நீங்கள் எல்லோரும் அவனை மன்னித்துவிட்டீர்களாம். போன மாதம் ஹட்டனில் நடந்த கலியாணத்தில், பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “அதெல்லாம் சின்னப் புள்ளையில நடந்தது, இன்னுமா மனசுல வச்சிருக்க?” என்று கேட்டீர்கள். ஆமாம், வைத்திருக்கிறேன். உங்களுக்குச் சர்க்கரை, எனக்கு முழங்கால் வலி, எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. அதற்காக மனசையும் துடைத்து வைத்துவிட வேண்டுமா? நீங்கள் பாயாசத்தை உறிஞ்சியபடி மறந்துபோனதை நான் எழுதி வைக்கிறேன். அவன் கண்ணில் பட்டால் இன்னும் நல்லது.

நம் வகுப்பை ஞாபகம் இருக்கிறதா? எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் மெயின் ரோட்டுக்கு மேலே இருந்தது. மழைக்காலத்தில் அரைச்சுவருக்கு மேலாகப் பனி உள்ளே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கடைசிப் பெஞ்சுக்குத் தெரியாது. நாங்கள் தலையில் போட்டு வந்த சாக்குகளைக் கதவோரம் குவித்து வைப்போம். ஈரச் சாக்கின் வாடையோடு, ஆயா பெரிய தகரத்தில் பவுடரைக் கரைத்துக் காய்ச்சும் மாப்பால் அடிப்பிடித்த வாடையும் சேர்ந்து வரும். அந்த வாடை வந்துவிட்டால் யாருக்கும் பாடம் ஏறாது. பால் வந்தால் பின்னாலேயே பணிஸ் வரும், ஆளுக்கு ஒரு பன்.

பாண் ரொட்டிக்கு விடியுமுன்னே வரிசையில் நின்ற காலம் அது. தேயிலைத் தோட்டத்தில் அரிசி குறைந்து, கோதுமை மா குறைந்து, கடைசியில் வேலையும் குறைந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மரவள்ளிக்கிழங்கும் கீரையும்தான் இரவுச் சாப்பாடு. அப்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த அந்த ஒரு பணிஸ்தான் பல பிள்ளைகளுக்கு வீட்டுக் கிழங்கைத் தவிரக் கிடைத்த ஒரே சாப்பாடு. நானும் அக்காவும் ஒரே வகுப்பு. அக்கா என்னை விட ஒரு வயது மூத்தவள். தம்பி பிறந்தபோது அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தியதால் ஒரு வருஷம் பிந்திவிட்டாள். என் பணிஸை நான் அங்கேயே தின்றுவிடுவேன். அவள் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தாவணி முனையில் முடிந்துகொள்வாள். சாயங்காலம் லயத்துக் கோடியில் தம்பி நின்றுகொண்டிருப்பான். எங்களைப் பார்க்க மாட்டான், முடிச்சைத்தான் பார்ப்பான்.

பணிஸ் பெட்டி யார் கையில்? மொனிட்டர் கையில். மொனிட்டர் யார்? பெரிய கிளாக்கர் மகன். தோட்டத்து ஆபீஸில் துரைக்கு அடுத்தபடி அதிகாரம் அவன் அப்பாவுக்குத்தான். அந்த மரியாதைக்காகவே இவனை மொனிட்டராக்கினார்கள். வகுப்பில் காலில் சப்பாத்து போட்டு வந்தவன் அவன் ஒருவன்தான். பணிஸைக் கொடுக்கும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டான். “ஏய், ரெண்டாம் லயம்” என்பான், “ஏய், கொழுந்துக்காரி மக” என்பான். உப்பிய பணிஸ் அவன் கூட்டாளிகளுக்கு. பெட்டியின் அடியில் நசுங்கியது எங்களுக்கு. மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டு போவான். அவர்கள் வீட்டு நாய்க்கு என்று அவனே சொல்லிச் சிரித்திருக்கிறான். நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பள்ளித் தவணையில்தான் சமூகக்கல்வி படிப்பிக்கிற சேர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இளம் வயசு. நம்ம குளிர் தாங்காமல் கழுத்தைச் சுற்றி மப்ளர் கட்டியிருப்பார். வாக்குரிமை என்ற பாடத்தை அவர் நடத்தியபோது அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்தது. அவ்வளவு உற்சாகம்.

“பெரிய உத்தியோகத்தனுக்கும் ஒரு வாக்குத்தான், மூட்டை தூக்குறவனுக்கும் ஒரு வாக்குத்தான். விளங்கினதோ?” என்றார்.

அக்கா எழுந்தாள். “சேர், எங்க வீட்டுல யாருக்கும் இல்லியே.”

சேர் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். “அது பிரஜாவுரிமைப் பிரச்சினை. பாடத்துக்கு வெளியிலை. நீ இரு,” என்றார்.

பாடத்துக்கு வெளியே இருந்தவர்கள் நாங்கள்தான், முக்கால் வகுப்பு. எங்கள் தாத்தா பாட்டி காலத்தில், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று பிரஜாவுரிமையோடு சேர்த்துப் பறித்த வாக்கு இன்னும் திரும்பி வரவில்லை. தேர்தல் காலத்தில் ஒலிபெருக்கி கட்டிய கார்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். எங்கள் லயத்தை நெருங்கும்போது பாட்டை நிறுத்திவிடுவார்கள். லயத்தைத் தாண்டி, கடைவீதி வந்ததும் மறுபடி போடுவார்கள். “நம்மகிட்ட ஓட்டு இல்லேல்ல, பேட்டரிய மிச்சம் பண்றாங்க,” என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். 

பாடம் முடிந்த மறுநாள் சேர் சொன்னார், வகுப்பிலேயே ஒரு தேர்தல் வைக்கப்போவதாக. மொனிட்டரை இனி வாக்குப் போட்டுத் தெரிவு செய்ய வேண்டும். இரகசிய வாக்கு. யார் யாருக்குப் போட்டது என்று யாருக்கும் தெரியாது. “விருப்பமான ஆக்கள் போட்டியிடலாம்,” என்றார். கிளாக்கர் மகன் கையை உயர்த்தினான். வேறு யார் உயர்த்துவது என்று எல்லோரும் குனிந்துகொண்டோம். அக்கா உயர்த்தினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், ரோட்டுக்கு அடியில் தண்ணீர் ஓடும் போக்குக்குப் பக்கத்தில் நின்று நாம் பேசிக்கொண்டது மறந்துவிட்டதா? சாக்கு மழையில் நனைந்து கனத்தது. ஒருத்தரும் நகரவில்லை. அக்கா பெரிய வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. “நான் வந்தா வரிசையில வர்றபடி பணிஸ் குடுப்பேன். நசுங்குனது எனக்கு,” என்றாள். அவ்வளவுதான். நாம் அவளுக்காகக்கூடப் பேசவில்லை, அவனை ஒழிக்கப் பேசினோம். பேர் சொல்லாமல் கூப்பிட்டதற்கு, நாய்க்குக் கொண்டு போனதற்கு, எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்று அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. பழி என்பது எவ்வளவு இனிப்பு என்று அந்த வயசில்தான் தெரிந்தது.

தேர்தல் நாள் வந்தது. பழைய பரீட்சைத் தாளின் வெள்ளைப் பக்கத்தைச் சேர் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு பேரையும் எழுதி வைத்திருந்தார். பெட்டி, ஆபீஸிலிருந்து தேயிலைச் சாம்பிள் அனுப்பும் தகர டப்பா. அதைக் கொண்டுவந்தவன் கிளாக்கர் மகன்தான். மூடியைத் திறந்தால் நல்ல தேயிலை வாசம். நாங்கள் வீட்டில் குடித்த தூளில் அந்த வாசம் ஒருநாளும் வந்ததில்லை. மூலையில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டினார்கள். உள்ளே ஒரு மேசை, நூலில் கட்டிய கட்டைப் பென்சில்.

“ஒவ்வொருத்தராப் போய் புள்ளடியைப் போட்டிட்டு, மடிச்சுப் பெட்டியிலை போடுங்கோ. நான் அதிபரைக் கூட்டிக்கொண்டு வாறன். மொனிட்டர், தெரியாத ஆக்களுக்குச் சொல்லிக் குடும்,” என்று சொல்லிவிட்டுச் சேர் போனார்.

புள்ளடி. அந்தச் சொல்லை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. அவருக்கு அது சோறு, தண்ணீர் மாதிரி ஒரு சொல். அவர் வீட்டில் அப்பா, அம்மா, மாமா எல்லோரும் காலங்காலமாகப் புள்ளடி போட்டவர்கள். எங்கள் வீட்டில் புள்ள இருந்தது, அடியும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாது.

“புள்ளய அடிக்கிறதா?” என்று கடைசிப் பெஞ்சில் ஒருத்தன் கேட்க, வகுப்பே சிரித்தது. கிளாக்கர் மகன் மட்டும் சிரிக்கவில்லை. எங்களை ஒரு சுற்றுப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. எங்கள் யாருக்கும் தெரியாது என்று அவனுக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

எழுந்து போய்க் கரும்பலகையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்தான். “இதான் புள்ளடி. வேணாங்கிற ஆளுக்குப் போடணும். யாருக்குக் கூடுதலா விழுதோ அவன் அவுட்டு,” என்றான். பிறகு டஸ்டரால் அழித்துவிட்டான்.

நாங்கள் ஏன் நம்பினோம் என்று கலியாண வீட்டில் ஒருத்தி கேட்டாள். நம்பாமல் என்ன செய்வது? தப்பான கணக்குக்கு டீச்சர் போடுவது அந்தக் குறி. மலையில் வெட்ட வேண்டிய சவுக்கு மரத்துக்கு வெள்ளைப் பெயிண்டில் போடுவதும் அதே குறி. இன்றைக்குப் போட்டால் நாளைக்கு அந்த மரம் இருக்காது. இரண்டு கோடு குறுக்கே விழுந்தால் ஆள் தீர்ந்தான் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே அர்த்தம். அவன் சொன்னது எங்கள் ஆசைக்கும் பொருத்தமாக இருந்தது. அவன் பெயருக்கு மேலே கோடு இழுக்கத்தானே நாம் துடித்துக்கொண்டிருந்தோம்.

சாக்குக்குப் பின்னால் போய் நானும் போட்டேன். பென்சிலை நாக்கில் நனைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். எனக்குப் பின்னால் போன அக்கா வெளியே வர நேரமாயிற்று. முகம் சிவந்திருந்தது.

சேர் அதிபரோடு வந்து, டப்பாவைத் திறந்து, துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்து வாசிக்கத் தொடங்கினார். முதல் துண்டில் கிளாக்கர் மகன் பெயர். கைதட்டினோம். இரண்டாவதும் அவன் பெயர். இன்னும் பலமாகத் தட்டினோம். ஒவ்வொரு தடவை அவன் பெயரை வாசிக்கும்போதும் ஒரு கோடாலி விழுவதாக நினைத்துத் தட்டினோம். பெஞ்சைத் தட்டினோம், காலால் தரையைத் தட்டினோம். அதிபருக்கு ஒரே சந்தோஷம். அவனும் எங்களைப் பார்த்துக்கொண்டே கைதட்டினான். ஒரு துண்டு கிழிந்திருந்தது. சேர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பேப்பர் கிழிஞ்சாலும் விருப்பம் வலு தெளிவு,” என்று சிரித்து அதையும் அவன் பக்கமே வைத்தார். அது அக்காவின் துண்டு.

அக்காவுக்கு இரண்டு மூன்றுதான் விழுந்தன. அவையும் அவன் கூட்டாளிகள் அவளை வேண்டாம் என்று போட்டவை. சொந்தக் கூட்டாளிகளுக்குக்கூட அவன் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

“அமோக வெற்றி,” என்று சொல்லி, சேர் அவனுக்குக் கைகொடுத்தார்.

 தட்டுவதற்குத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. அக்காதான் எழுந்தாள்.

“சேர், நாங்க அவன் வேணாம்னுதான் போட்டோம். வேணாங்கிற ஆளுக்குப் போடணும்னு அவன்தான் சொன்னான்.”

“நான் அப்பிடிச் சொல்லல சேர்,” என்றான் அவன். குரல் நடுங்கவே இல்லை. “வேணும்ங்கிற ஆளுக்குன்னுதான் சொன்னேன். இதுங்களுக்கு வெளங்கல. இப்ப தோத்ததும் மாத்திப் பேசுது.”

சேர் எங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம், அதனால் ஒருத்தர் சொன்னதும் அவர் காதில் விழவில்லை. சப்பாத்துப் போட்டவன் அமைதியாக நின்றான், வெறுங்கால்காரர்கள் கத்தினோம். அவர் யாரை நம்புவார்? அக்கா மட்டும் கத்தாமல், “இன்னொருக்கா வைங்க சேர்,” என்றாள்.

“போட்ட வாக்கு போட்டதுதான். திருப்பித் திருப்பி வைக்க இது விளையாட்டில்லை,” என்றார். துண்டுகளைக் கூட்டி டப்பாவில் போட்டு மூடியவர், அதிபரின் பக்கம் திரும்பி, எங்கள் காது கேட்கவே சொன்னார்: “இதுக்குத்தான் சேர், இவையின்ரை சனத்துக்கு வாக்கைக் குடுக்க யோசிக்கிறாங்கள்.”

அவர் கெட்டவர் இல்லை. இத்தனை வயசில் அது எனக்குத் தெரிகிறது. ஆசை ஆசையாக வைத்த தேர்தல் குழம்பிப்போன எரிச்சலில் வந்த வார்த்தை அது. தான் ஒரு சொல்லை விளக்காமல் போனது அவர் புத்தியில் படவே இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் பாதிதான். மற்றப் பாதியையும் சேர்த்து அவன் கணக்கில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் வாக்குப் பெற்ற மொனிட்டர். அக்காவின் முறை வரும்போது பெட்டியைக் கவிழ்த்துக் காட்டுவான். “முடிஞ்சிருச்சு,” என்பான். அவள் கேட்கவும் மாட்டாள், முறையிடவும் மாட்டாள். நான் என் பணிஸில் பாதியைக் கொடுத்தால் அதை அப்படியே முடிந்துகொள்வாள், தின்ன மாட்டாள். நான் செய்தது ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் காஞ்சோண்டி வளர்ந்திருந்தது. பட்டால் கை வீங்கும் செடி. ஒருநாள் அதைச் சாக்குத் துண்டால் பிடித்துப் பிடுங்கி, பணிஸ் பெட்டியின் கைப்பிடியில் நன்றாகத் தேய்த்துவிட்டேன். இரண்டு நாள் அவன் இடது கையால் எழுதினான். அதில் எனக்கு இம்மியும் வருத்தமில்லை. அவன் கை சீக்கிரம் ஆறிவிட்டதில்தான் வருத்தம்.

தவணை முடிவதற்குள் அக்கா பள்ளிக்கூடத்தை விட்டாள். “எனக்குப் படிப்பு ஏறல,” என்று அம்மாவிடம் சொன்னாள். நான் வாயைத் திறக்கப் போனேன். தொடையில் கிள்ளினாள், இரத்தம் கட்டிப்போகிற கிள்ளு. அம்மா நம்பினாள். படிப்பு ஏறாதவளைச் சும்மா அலைய விட்டோமே என்று வருத்தப்பட்டாள். அப்பாவுக்கு உள்ளூரச் சந்தோஷம், வீட்டில் இன்னொரு கொழுந்துக் கூடை. வயசைக் கூட்டிச் சொல்லித் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். வகுப்பில் முதல் ஆளாகக் கணக்குப் போட்டவள், அடுத்த வாரம் பனியில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, எந்த மலைக்குப் போவது என்று கேட்டுக்கொண்டாள். அவள் பறித்த கொழுந்தில்தான் நான் படித்து டீச்சரானேன். அவன் ஒரு பொய் சொன்னான், மொனிட்டரானான். நீங்கள் அதை விளையாட்டு என்கிறீர்கள்.

பிறகு நமக்கும் வாக்கு வந்தது. லயத்துக்குள்ளேயே வந்து பாட்டுப் போட்டார்கள். அப்பா இல்லை அதைக் கேட்க. அக்கா மட்டும் ஒரு தேர்தலுக்கும் போகவில்லை. யார் வந்து கூப்பிட்டாலும் ஒரே பதில்: “எனக்குப் புள்ளடி போடத் தெரியாதுங்க.” எங்கள் லயத்தில் அது சொல்லிச் சிரிக்கும் ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது. எனக்கு மட்டும் அது பகிடியாகப் படவில்லை.

அவன் என்ன ஆனான் என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளை உடுப்பு, வெள்ளை வான் வண்டி, தேர்தலில் நிற்கிற ஆள். பிரதேச சபைத் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதும் நம்ம பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காரக் கதிரை வாங்கிக் கொடுத்தான். அந்த நன்றிக்கு, மாணவர் பாராளுமன்றத் தேர்தல் நடக்கும்போது அவனைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டார்கள். வாக்களிக்கும் முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க, ஓய்வுபெற்ற டீச்சர் என்று என்னையும் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிட்டவர்களுக்கு என்ன புண்ணியம் கிடைத்ததோ, தெரியாது.

பிள்ளைகள் முன்னால் நான் சோக்கட்டியை அவனிடம் நீட்டினேன். “புள்ளடின்னா என்னா, யாருக்குப் போடணும்னு நீங்களே சொல்லிக் குடுங்க,” என்றேன்.

சந்தோஷமாக எழுந்து வந்தான். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு. “நாம விரும்புற ஆளுக்கு நேரா இப்பிடிப் போடணும், புள்ளைங்களா.”

“எங்களுக்கு நீங்க இப்பிடிச் சொல்லலியே,” என்றேன்.

அவன் சிரித்தான். அவனுக்கு ஞாபகமே இல்லை. அதுதான் என்னை மேலும் எரித்தது. நான் அத்தனை வருஷம் சுமந்த ஒன்றை அவன் அன்றைக்குச் சாயங்காலமே மறந்துவிட்டிருக்கிறான். நான் பிள்ளைகள் பக்கம் திரும்பி முழுவதையும் சொன்னேன். சாக்கு மறைப்பு, தேயிலை டப்பா, நாங்கள் தட்டிய கை, கவிழ்த்துக் காட்டிய பெட்டி, ஒன்றையும் விடவில்லை. அவன் பெயரைச் சொல்லவில்லை. ‘இவர்’ என்று கையைக் காட்டினேன். சொல்லச் சொல்ல அவனுக்கு ஞாபகம் வந்தது, காது மடல் சிவந்ததில் தெரிந்தது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து, “அந்த அக்காவுக்கு அதுக்கப்புறம் பணிஸ் கெடச்சிச்சா டீச்சர்?” என்று கேட்டாள்.

“இவருகிட்டயே கேளு,” என்றேன்.

அவனுக்கு நானுஓயாவில் அவசரக் கூட்டம் இருந்ததாம். போய்விட்டான். அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கதை எல்லா லயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகளிடம் சொன்னால் வீட்டுக்குப் போகும் என்று தெரியாமலா இத்தனை வருஷம் டீச்சராக இருந்தேன்?

பிரதேச சபைத் தேர்தல் நாள் காலையில் அக்கா கலியாணச் சேலை கட்டி வாசலில் நின்றாள். “வா, போவோம்,” என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வழி முழுக்க நான் பாடம் நடத்தினேன்: ஒரே ஒரு புள்ளடி, கட்டத்துக்குள்ளே, விரும்புகிற ஆளுக்கு. “தெரியும், தெரியும்,” என்றாள்.

வெளியே வந்தபோது விரலில் மை, முகத்தில் ஒன்றுமில்லை. கேட்டேன்.

“ரெண்டு போட்டேன். ஒண்ணு வேணும்ங்கிற ஆளுக்கு. இன்னொண்ணு அவனுக்கு,” என்றாள்.

“ஐயோ அக்கா, அது செல்லாது. வாக்கே வீணாப் போச்சு.”

“செல்லாதுன்னு தெரிஞ்சுதான் போட்டேன். அன்னைக்கு நான் அவன வேணாம்னு போட்டத அவன் எடுத்துக்கிட்டான்ல. பேப்பர் கிழியப் போட்டேன், அதையும் எடுத்துக்கிட்டான். இத எடுக்கட்டும் பாப்போம்.”

நான் அந்த இடத்திலேயே அவளோடு சண்டை போட்டேன், ரோடு என்றும் பார்க்காமல். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, ஒரு வாக்கின் பெறுமதி என்ன என்று ஆயுள் முழுக்கக் கத்தியவள் நான். அவளோ மையை ஊதிக் காயவைத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று ராத்திரி பக்கத்து வீட்டு மருமகள் போனில் வந்த முடிவை எங்கள் லயத்துக் காம்பரா வாசலில் நின்று வாசித்தாள். அவன் தோற்றுப்போனான். நல்ல தோல்வி. லயத்தில் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள், நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். அக்கா அடுப்பில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவே இல்லை.

“நிராகரிக்கப்பட்ட வாக்குகள்,” என்று அந்தப் பெண் கடைசி வரியை வாசித்தாள்.

அக்கா கேத்தலை இறக்கி வைத்துவிட்டுக் கைதட்டினாள்.